புத்தகம் வீட்டுக்குப் போகட்டும்: தொடக்கப் பள்ளி நூலகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

குடியாத்தம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகள். ஒவ்வொரு ஜூன் மாதமும் யாராவது ஒருவர், "நூலகப் பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்கிறார்கள். சிலர் நூலக அறிவியல் படித்துவிட்டுத் தனியார் பள்ளியில் சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் வகுப்பும் எடுத்துக்கொண்டு நூலகத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஆசிரியர்கள். இரண்டு பேருக்குமாகச் சேர்த்தே எழுதுகிறேன்.

கல்லூரி நூலகத்துக்கு வருகிறவர் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து வருவார். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாது. அந்தப் பிள்ளை யார், வீட்டில் என்ன பேசுகிறார்கள், எதைப் பார்த்தால் அதன் கண் விரிகிறது என்று நாம்தான் தெரிந்துகொண்டு, பொருத்தமான புத்தகத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

முதல் வாரம்: பீரோவைக் காலி செய்யுங்கள்

தரையில் பாய் விரித்து எல்லாப் புத்தகங்களையும் வெளியே எடுத்துப் பரப்புங்கள். மூன்று குவியலாகப் பிரியுங்கள். பிள்ளைகள் படிக்கக்கூடியவை ஒன்று. கிழிந்தவை ஒன்று. யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய நாவல், போட்டித் தேர்வுப் புத்தகம், நோட்ஸ் எல்லாம் இன்னொன்று. இந்த மூன்றாவது குவியல்தான் பெரிதாக இருக்கும். மனம் தளராதீர்கள். 40 நல்ல படக்கதைகள் இருந்தால் போதும், ஒரு வகுப்பை வைத்துத் தொடங்கிவிடலாம்.

அதற்காக எதையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட வேண்டாம். இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகத்தைத் தலைமை ஆசிரியரின் கையெழுத்து இல்லாமல் கழிக்கக் கூடாது. பெட்டியில் கட்டி, மேலே பட்டியல் ஒட்டி, மேல் அலமாரியில் ஏற்றிவிடுங்கள்.

பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். கரையான் சுவரைப் பிடித்துத்தான் ஏறும். இடைவெளி இருந்தால் அந்த மண்கோடு சீக்கிரம் கண்ணில் படும். அந்துருண்டை வேண்டாம், சின்னப் பிள்ளைகள் மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுவிடுவார்கள். நாங்கள் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைக்கிறோம். அதைவிட, மாதம் ஒரு தடவை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டித் துடைப்பதுதான் பூச்சியை அண்ட விடாமல் வைத்திருக்கிறது.

அப்புறம், வெயில். வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஷீட் போட்ட அறையில் மதியத்துக்கு மேல் பிள்ளைகளை உட்கார வைத்தால் கதை காதில் ஏறாது. கால அட்டவணை போடும்போதே காலை முதல் இரண்டு பீரியடில் ஒன்றை நூலகத்துக்குக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் புத்தகங்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு புங்க மரத்தடிக்குப் போய்விடுங்கள். தனி பீரியடே கிடையாது என்று சொன்னால், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையை எடுத்துக் காட்டலாம். ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் நாளிதழ், இதழ்கள், கதைப் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. சண்டையாக இல்லாமல் பணிவாகவே காட்டுங்கள், வேலை நடக்கும்.

பதிவேடு

இரண்டு நோட்டு போதும். ஒன்று இருப்புப் பதிவேடு: வரிசை எண், வந்த தேதி, தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், விலை, எங்கிருந்து வந்தது. இன்னொன்று வழங்கல் பதிவேடு. இதில் வகுப்புவாரியாக, பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தேதிவாரியாக எழுதினால் யார் என்ன எடுத்தார்கள் என்பது மட்டும்தான் தெரியும். பிள்ளைக்கு ஒரு பக்கம் என்றால், மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் அந்தப் பிள்ளையே தெரிந்துவிடும். எங்கள் பள்ளியில் ஒருவன் பக்கத்தில் வரிசையாக ஆடு, மாடு, நாய், மறுபடி மாடு. அடுத்து என்ன கொடுப்பது என்று நான் யோசிக்க வேண்டியதே இல்லை.

முத்திரை குத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். தலைப்புப் பக்கத்திலும், உள்ளே ரகசியப் பக்கம் என்று, எல்லாப் புத்தகத்திலும் ஒரே எண்ணுள்ள ஒரு பக்கத்திலும் குத்துவது வழக்கம். பெரிய நூலகங்களில் அது ஏதோ ஒரு பெரிய எண்ணாக இருக்கும். பிள்ளைகள் புத்தகம் பலதும் 16 பக்கத்தில் முடிந்துவிடும், அதனால் பத்துக்குள் ஒரு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் மேல் குத்தாதீர்கள். யானையின் முகத்தில் ஊதா வட்டம் விழுந்துவிட்டால் அந்தப் பக்கம் போனதுதான்.

எப்படி அடுக்குவது

பாடத்துக்கு ஒரு எண் கொடுத்துப் புத்தகங்களைப் பகுக்கும் முறையை ஐந்தாம் வகுப்பு வரைக்கும் தள்ளி வையுங்கள். படக்கதைகள் நடுவில் பின் அடித்தவை, அவற்றுக்கு முதுகே கிடையாது. அலமாரியில் நெருக்கி நிறுத்தினால் எது என்ன புத்தகம் என்று யாருக்கும் தெரியாது. அட்டை தெரிய வைக்க வேண்டும். எங்கள் அறையில் ஜன்னலுக்கு ஜன்னல் நைலான் கயிறு கட்டி, துணிக் கிளிப்பில் புத்தகங்களை மாட்டியிருக்கிறோம். கயிற்றின் உயரத்தை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை நிற்க வைத்து அளந்து கட்டினோம். மாட்டுவதும் எடுப்பதும் அவர்கள் கையாலேயே நடக்க வேண்டும். கண்ணாடிக் கதவு பீரோவாக இருந்தால் பள்ளி நேரத்தில் பூட்டைக் கழற்றிவிடுங்கள்.

எளிது, கடினம் என்று பிரிக்க அட்டையின் மூலையில் வண்ணப் புள்ளி ஒட்டலாம். அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் உங்கள் பள்ளிக்கு வந்திருந்தால் அவற்றிலேயே நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் இருக்கும். மற்ற புத்தகங்களையும் அந்தப் படிகளை ஒட்டியே பிரித்துவிடுங்கள், குழப்பம் வராது.

ஆனால் இந்தப் புள்ளி புத்தகத்துக்கு மட்டும்தான். "நீ சிவப்புப் புள்ளி, நீ மஞ்சப் புள்ளி" என்று பிள்ளைக்கு ஒட்டிவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எப்போதும் தம்பிக்கு என்று சொல்லி நுழை புத்தகமாக எடுத்துப் போவான். அவனுக்குத் தம்பி கிடையாது என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் கேட்கவில்லை, "தம்பிக்கு இதுவும் பிடிக்கும்" என்று இரண்டு இரண்டாகக் கொடுத்தேன். ஆறு மாதத்தில் அவனே நட வரிசைக்கு வந்துவிட்டான். அன்றைக்கு எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கயிற்றுப் பக்கமே வந்திருக்க மாட்டான்.

எந்தப் புத்தகம் தனக்குச் சரி என்று பிள்ளையே பார்த்துக்கொள்ள ஐந்து விரல் கணக்கைச் சொல்லிக் கொடுங்கள். நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து படிக்க வேண்டும். தெரியாத சொல் ஒன்றுக்கு ஒரு விரல் மடக்க வேண்டும். பக்கம் முடிவதற்குள் கை முழுதும் மூடிவிட்டால் அந்தப் புத்தகம் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். அப்படியும் அதுதான் வேண்டும் என்று அடம் பிடித்தால் கொடுத்துவிடுங்கள், வீட்டில் யாராவது படித்துக் காட்டுவார்கள்.

நூலகப் பீரியட்: 40 நிமிடம்

முதல் ஐந்து நிமிடம் புத்தகம் திருப்புவது. அடுத்து 15 நிமிடம் நீங்கள் கதை படித்துக் காட்டுவது. பிறகு அவர்களாகப் படிப்பது. கடைசிப் பத்து நிமிடம் புதுப் புத்தகம் எடுத்து எழுதிக்கொள்வது. முதல் மாதம் எழுதும் வேலை உங்களைத் தின்றுவிடும். நான்காம், ஐந்தாம் வகுப்பில் இரண்டு பேரைப் பழக்கிவிடுங்கள், என்னைவிட வேகமாக எழுதுகிறார்கள்.

படித்துக் காட்டுவதுதான் இந்த வேலையின் உயிர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முந்தின நாளே புத்தகத்தை ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரிந்துவிடும். பிள்ளைகளை அரை வட்டமாகத் தரையில் உட்கார வையுங்கள். நீங்களும் தாழ்வாக உட்காருங்கள், ஸ்டூல் போதும். புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில், பக்கம் அவர்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் படிக்கப் பழகுங்கள். முதலில் கழுத்து வலிக்கும். இரண்டு வாரத்தில் கை தானாக வந்துவிடும். படித்து முடித்துவிட்டு அப்புறம் படத்தைக் காட்டினால் பிள்ளைகளுக்குக் கதை வேறு, படம் வேறு ஆகிவிடுகிறது.

பக்கத்தைத் திருப்புவதற்கு முன்னால் நிறுத்துங்கள். ஒரு தடவை யானைக்குட்டி குழிக்குள் விழுகிற கதை. விழுந்த பக்கத்தில் நிறுத்தி, "இப்போ என்ன ஆகும்?" என்றேன். "ஜேசிபி வரும் மிஸ்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "எங்க கொல்லிக்குக்கூட யானை வந்துச்சி மிஸ்" என்றது இன்னொன்று. ஆந்திர எல்லைக் காட்டை ஒட்டிய ஊர்ப் பிள்ளைகள் அவர்கள், யானை அவர்களுக்குப் படத்தில் மட்டும் இருக்கிற மிருகம் இல்லை. எந்தக் கொல்லையில் வாழையை முறித்தது, யார் பட்டாசு கொளுத்தி விரட்டினார்கள், எந்தத் தாத்தா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று பீரியட் முடியும் வரை பேசினார்கள். அந்த யானைக்குட்டி அன்றைக்குக் குழியிலேயே இருந்தது. அடுத்த வாரம் வரைக்கும் அந்தப் புத்தகத்துக்கு வகுப்பே காத்திருந்தது. இப்படிப் பேச்சு எழும்பினால் "அமைதி" என்று அடக்கிவிட்டுக் கதையைத் தொடராதீர்கள். தன் அனுபவத்தை அந்தப் பக்கத்தோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கிய பிள்ளை வாசிக்கத் தொடங்கிவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கதை முடிந்ததும் "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று கேட்கவே கேட்காதீர்கள். அதைக் கேட்டால் அடுத்த கதையிலிருந்து பிள்ளை பதிலைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

நம் பக்கத்தில் பல வீடுகளில் தெலுங்கு, பல வீடுகளில் உருது. பேர்ணாம்பட்டுப் பக்கம் ஒரே வகுப்பில் மூன்று மொழியும் இருக்கும். ஒன்றாம் வகுப்பில் பூனைப் படத்தைக் காட்டியபோது தெலுங்கு பேசும் பிள்ளையும் உருது பேசும் பிள்ளையும் ஒன்றாக "பில்லி" என்றார்கள். தமிழில் எழுதினால் ஒரே மாதிரிதான் தெரியும், முதல் எழுத்தின் ஒலியில்தான் வித்தியாசம். அன்றைக்குப் பலகையில் பூனையையும் பில்லியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினோம். பிள்ளை வீட்டு மொழியில் படத்தைச் சொன்னால் முதலில் அதை ஏற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் தமிழ்ச் சொல்லைச் சேருங்கள்.

வீட்டுக்குக் கொடுப்பது

பலரும் தயங்குவது இங்கேதான். கிழிந்துவிடும், தொலைந்துவிடும், கணக்குத் தணிக்கையில் நம்மைக் கேட்பார்கள் என்ற பயம். நானும் பயந்தவள்தான். முதல் வருடம் நான் போட்ட விதி: புத்தகத்தைத் தொலைத்தவர் அதன் விலையைக் கொடுக்கும் வரை வேறு புத்தகம் கிடையாது. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு படக்கதையைத் திருப்பித் தரவில்லை. விலை 35 ரூபாய். கேட்கும்போதெல்லாம் "ஊட்ல கீது மிஸ்" என்றான். நான் நம்பவில்லை. கொஞ்ச நாளில் அவன் வகுப்பு நூலகத்துக்கு வரும்போது அவன் மட்டும் தண்ணீர் பிடிக்கிறேன், பலகை துடைக்கிறேன் என்று வகுப்பறையிலேயே நின்றுவிட்டான். பொங்கல் விடுமுறை முடிந்து அவன் அம்மா வந்தார். டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு நடுவே வைத்திருந்த புத்தகத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார். "சின்னது கிழிச்சிடும்னு எட்து வெச்சிட்டேன் மிஸ்" என்றார். அட்டை மடங்கக்கூட இல்லை. அவன் ஐந்து மாதம் எந்தப் புத்தகமும் எடுக்காமல் இருந்துவிட்டான். அந்த விதியை அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

இப்போது நடைமுறை இப்படி. "ஊட்ல கீது" என்றால் நம்பி அடுத்த புத்தகத்தைக் கொடுத்துவிடுகிறேன், பழையதைப் பதிவேட்டில் வட்டமிட்டு வைக்கிறேன். மாதம் ஒருமுறை வட்டமிட்ட பெயர்களைக் கூப்பிட்டுத் தனியாக, மெதுவாகக் கேட்கிறேன். உண்மையாகவே தொலைந்திருந்தால் பெற்றோர் கூட்டத்தில் பணம் கேட்பதில்லை. தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து இருப்பில் குறித்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விதி மூன்றுதான்: கை கழுவிவிட்டு எடு, மழையில் பைக்குள் வை, கிழிந்தால் மறைக்காமல் கொண்டுவா. ஆளுக்கு ஒரு மஞ்சப்பை கொடுத்திருக்கிறோம். பை ஆணியில் மாட்டியிருக்கும் வரை புத்தகம் தொலைவதில்லை.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. தணிக்கை பயம் வரும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்வேன்.

புத்தகம் வீட்டுக்குப் போனால் அது ஒரு ஆளோடு நிற்பதில்லை. நான்காம் வகுப்பில் ஒரு பெண், அம்மா பீடி சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக் காட்டுகிறாள். திரும்பி வந்த புத்தகத்தில் நடுவில் பீடி இலைத் துண்டு ஒன்று, நகத்தால் ஓரம் சீராக வெட்டி, பக்க அடையாளமாக வைத்திருந்தது. புத்தகத்தைப் பிரித்தால் புகையிலை வாசம். "எங்கம்மா இதவிட நீளமா ஓணும்னு சொல்லிச்சி" என்றாள். அதிலிருந்து அவளுக்கு நீளக் கதையாகப் பார்த்துத் தேடுகிறேன்.

வராத பிள்ளை, ஒதுங்கும் பிள்ளை

நான்காம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை எல்லாப் பள்ளியிலும் உண்டு. நூலகத்தில் அதற்குப் பாடம் நடத்த வேண்டாம். சொற்களே இல்லாத படக்கதையைக் கொடுத்து, "நீ எனக்குச் சொல்லு" என்று உட்காருங்கள். சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதி, அதையே அடுத்த வாரம் படிக்கக் கொடுங்கள். தன் வாயிலிருந்து வந்த வரி என்பதால் பாதி அதற்கு ஏற்கெனவே தெரியும்.

புத்தகத்தை மூக்குக்குக் கிட்டே வைத்துப் படிக்கிற பிள்ளையை, வரியைத் தவறவிட்டுக்கொண்டே இருக்கிற பிள்ளையைக் குறித்து வையுங்கள். பள்ளிக்கு மருத்துவக் குழு வரும் நாளில் கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். வகுப்பு ஆசிரியர் கவனிக்காததை நூலகத்தில் நாம் கவனித்துவிடலாம், ஏனென்றால் இங்கேதான் பிள்ளை தனியாக ஒரு பக்கத்தோடு இருக்கிறது.

சந்தை நாளில், திருவிழா நாளில் சில பிள்ளைகள் வராது. பொய்கையில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை. குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அது கோடை விடுமுறையிலேயே வந்துவிடும். அந்த நாளைப் பற்றித் திரும்பி வந்ததும் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு ஏ4 தாளைச் சேர்த்து வைத்து இரண்டாக மடித்து, நடுவில் நூல் கோத்தால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததே, அதைப் பாட்டியிடம் கேட்டு எழுதிவந்த ஒரு சின்னப் புத்தகம்தான் எங்கள் கயிற்றில் அதிகம் கைமாறியது. அதற்கும் இருப்பு எண் கொடுத்து முத்திரை குத்தினோம். எழுதியவள் அந்த எண்ணை இன்னும் மனப்பாடமாகச் சொல்கிறாள்.

புத்தகத்தைச் சாக்காக வைத்துப் பிள்ளைகள் சில சமயம் வேறு விஷயமும் சொல்வார்கள். வீட்டில் அடி, யாரோ தொட்டது, பசி. கதவு திறந்தே இருக்கட்டும், ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்காதீர்கள். சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். தலைமை ஆசிரியரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

கிழிந்தவை, புதியவை

செல்லோடேப் ஒட்டாதீர்கள், இரண்டு கோடையில் மஞ்சளாகிப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். பின் கழன்ற புத்தகத்தை அதே ஓட்டையில் கோணி ஊசியும் தடித்த நூலும் வைத்துத் தைத்துவிடலாம், பத்து நிமிட வேலை. பக்கம் கிழிந்தால் மெல்லிய வெள்ளைத்தாளைக் கீற்றாக வெட்டிக் கொஞ்சமாகப் பசை தடவி ஒட்டுங்கள். மைதாப் பசையைத் தவிருங்கள், பூச்சி தேடி வரும்.

புதிய புத்தகத்துக்கு நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் இரண்டின் படக்கதைகளும் விலை குறைவு. துளிகாவின் இருமொழிப் புத்தகங்கள் நம் வகுப்புகளுக்குப் பொருந்தும். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். அரசுப் பள்ளியானால் நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு வரும் ஊஞ்சல் இதழைக் கட்டாகக் கட்டி மூலையில் போட்டுவிடாமல் கயிற்றில் மாட்டுங்கள். வேலூர் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு தடவை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கு ஐந்தாம் வகுப்பை அழைத்துப் போய் உறுப்பினராக்குங்கள். வெள்ளிக்கிழமை கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை, அன்றைக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

ஏப்ரல்

ஏப்ரல் முதல் வாரம் எல்லாப் புத்தகங்களையும் திருப்பி வாங்கி இருப்பு சரிபார்க்க வேண்டும். அதை முடித்து, தலைமை ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கியதும், பீரோவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் கோடை விடுமுறைதான் பிள்ளைகள் கையில் நேரம் இருக்கிற காலம். அனுமதி வாங்கிக்கொண்டு, ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை ஆளுக்கு மூன்று புத்தகம் மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். யாருக்கு எது என்பதை ஜூனிலிருந்து எழுதிய பக்கமே சொல்லும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போகிறவர்கள், அவர்களிடம் திருப்பி வாங்கித்தான் ஆக வேண்டும். அவர்கள் எழுதிய கையெழுத்துப் புத்தகம் இருந்தால் ஒரு நகல் எடுத்துக் கொடுத்தனுப்புங்கள், மூலம் நூலகத்தில் இருக்கட்டும்.